யானை வெடிக்கும் கத்தும், கள்ளனுக்கும் கத்தும்

வன்னியில் வீட்டுக்கு வீடு நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு அலாரம் பூட்டுவது வழக்கமாகிவிட்டது. அது கெடுக்கும் தூக்கம் எவ்வளவு, காக்கும் வண்டி எவ்வளவு?

இரவு ஒரு மணி. மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், காட்டை ஒட்டிய ஊர். வயலுக்குள் யானை இறங்கிவிட்டது. காவல் கொட்டிலில் படுத்திருந்தவர் எழும்பி யானை வெடியைக் கொளுத்தி எறிகிறார். வெடிச் சத்தம் காட்டில் மோதித் திரும்பி வருவதற்குள், கிட்ட இருக்கும் வீட்டு விறாந்தையில் நின்ற பைக் அலறத் தொடங்குகிறது. அடுத்த வளவில் இன்னொன்று. நாய்கள் சேர்ந்துகொள்ளுகின்றன. தொட்டிலில் கிடந்த பிள்ளை வீரிட்டு அழுகிறது. வீட்டுக்காரர் இருட்டில் ரிமோட்டைத் தேடுகிறார். அது கொடியில் தொங்கும் நேற்றைய சேட்டுப் பையில் கிடக்கிறது. தடவி எடுத்து அமத்த, வண்டி இரண்டு தரம் கீச்சிட்டு அடங்குகிறது. கண்ணயர்ந்த நேரம் இரண்டாவது வெடி. திரும்பவும் அலறல். மூன்றாம் முறை அவர் ரிமோட்டைத் தேடவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய், இருக்கையைத் தூக்கி, அலாரத்தின் சொக்கட்டையே இழுத்துக் கழற்றிவிட்டு வந்து படுக்கிறார்.

யானை விடியமுன் காட்டுக்குத் திரும்பிவிடும். கழற்றிய சொக்கட் கிழமைக்கணக்கில் அப்படியே தொங்கும்.

களவு போன வண்டிகளைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். "அலாரம் இருந்தது" என்று பலர் சொல்வார்கள். "அண்டைக்கு ஓஃப் பண்ணியிருந்தது" என்ற வார்த்தையும் பின்னாலேயே வரும். காவலுக்கு வைத்த ஒன்று தன் தொல்லையாலேயே காவலை இழக்கிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

வீட்டில் ஒரு வண்டி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவில். மாங்குளத்திலிருந்து போனாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால், காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் என்றிருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. அங்கே கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணியும், பாடசாலைக்குப் போகும் ஆசிரியையும், பின்னால் பெட்டி கட்டி மீன் கொண்டுபோகும் வியாபாரியும், உரப்பையோடு வயலுக்குப் போகும் கமக்காரரும் மோட்டார் சைக்கிளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இந்த மண்ணில் மோட்டார் சைக்கிளின் கதை நீளமானது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளை நாற்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் தெரியும். எம்.டி. 90 என்றால் கண்ணில் ஒரு ஒளி வரும். 2002-ல் ஏ9 திறந்தபின் புதுவண்டிகள் வந்தன. போர் முடிந்த 2009 மே மாதத்தில் அவையெல்லாம் முள்ளிவாய்க்கால் கரையில் துருப்பிடித்த குவியல்களாகக் கிடந்தன. இடம்பெயர்ந்தவர்களைத் தங்கவைத்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீளக் குடியமர்ந்த குடும்பங்கள் கூரைக்கு அடுத்தபடியாகத் தேடியது வண்டியைத்தான். லீசிங் நிறுவனங்கள் ஏ9 ஓரம் வரிசையாகக் கிளை திறந்தன. ஒரு சிறு முற்பணம், மிச்சம் மாதத் தவணை.

பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில், ஓடித் தேய்ந்த பழைய வண்டி புதிதாக வாங்கிய விலையையும் தாண்டி விலைபோனது. உதிரிப்பாகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்தான். வண்டியை விட்டுவிட்டு டாங்கியில் இருந்த பெற்றோலை மட்டும் இழுத்துக்கொண்டு போன இரவுகள் அவை. வண்டிக்கு அலாரம் பூட்டாதவர்களையும் கடைக்கு அனுப்பியது அந்தக் காலம்தான்.

வண்டி நிற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பின் இந்திய உதவியுடன் ஐந்தரை இலட்சம் ரூபா மதிப்பில் கட்டப்பட்ட வீடுகளில் வண்டி விடத் தனி இடமில்லை. அதனால் வண்டி விறாந்தையில் நிற்கும், அல்லது மாமரத்தடியில் நிற்கும். இரவில் கதவைத் திறந்து ஹோலுக்குள் ஏற்றி, பிள்ளைகளின் பாய்க்குப் பக்கத்தில் நிறுத்தும் வீடுகளும் குறைவில்லை. பெற்றோல் மணத்தோடு தூங்கி எழும்பும் பிள்ளைகள் அவர்கள்.

எதற்கெல்லாம் கத்தும்?

அலாரத்தின் உள்ளே இருப்பது பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. அதிர்வை உணரும் சிறு உறுப்பு, ரிமோட்டின் அலையை வாங்கும் பலகை, ஒரு சைரன். வகையைப் பொறுத்து எஞ்சினை வெட்டும் ரிலேயும் இருக்கும். அதிர்வு உணரும் உறுப்புக்குக் கையையும் காற்றையும் பிரித்தறியத் தெரியாது. எவ்வளவு ஆட்டத்துக்குக் கத்த வேண்டும் என்பதை நாம்தான் கூட்டிக் குறைத்து வைக்க வேண்டும். கடையில் வண்டியைக் கையளிக்கும்போது இருக்கையை ஒரு விரலால் தட்டி, "பாத்தீங்களா அண்ணை" என்று காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் உணர்திறன் உச்சத்தில் நிற்கும். அதைக் குறைக்கலாம் என்பதே பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை சோளகக் காற்று வன்னியின் வெளிகளில் ஓய்வில்லாமல் வீசும். ஒற்றை ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியை ஆட்ட அது போதும். பனம்பழம் விழும் காலத்தில் அதுவும் சேரும். கூரையில் இருந்து குதிக்கும் குரங்கு, இருக்கையில் ஏறிப் படுக்கும் கோழி, உடம்பைத் தேய்க்க வரும் மாடு, மணல் ஏற்றிக்கொண்டு கிறவல் ரோட்டில் பாயும் டிப்பர், ஐப்பசி கார்த்திகை இடி என்று கத்துவதற்குக் காரணம் எப்போதும் உண்டு. பாடசாலை மர நிழலில் வரிசையாக நிற்கும் ஆசிரியர்களின் வண்டிகளில் பந்து ஒன்று பட்டால் அந்தப் பாடம் அன்று நடந்தது மாதிரித்தான். பரீட்சை நேரத்தில் இது வெறும் எரிச்சலாக நின்றுவிடாது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அந்த இரண்டு நிமிடம் திரும்பக் கிடையாது.

வைத்தியசாலை வாசலில் இன்னும் மோசம். பார்வையாளர் நேரத்தில் நெருக்கி நெருக்கி வண்டி விடுகிறார்கள். ஒன்றை எடுக்க இரண்டை நகர்த்த வேண்டும். நகர்த்திய இரண்டும் கத்தும். உரிமையாளர் மூன்றாம் மாடி வார்டில் நிற்பார். ஒலிபெருக்கித் தொல்லை பற்றிய வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் 2007-ல் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தது. விரும்பாத சத்தத்தைக் கேட்கும்படி ஒருவரைக் கட்டிப்போட முடியாது என்பதே அதன் அடிப்படை. அந்தத் தீர்ப்பு கோயில், பள்ளிவாசல், விழா மேடைகளைப் பற்றியது. ஆனாலும் ஒப்பரேஷன் முடிந்து கிடக்கும் நோயாளியின் காதுக்கு லவுட்ஸ்பீக்கரும் பைக் சைரனும் ஒன்றுதான்.

பெட்டிச் செய்தி: பற்றரிக் கணக்கு

அலாரம் கத்தாமல் சும்மா நிற்கும்போதும் மின்சாரம் குடிக்கும். 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு அலாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி. 2.5 ஆம்பியர் மணி கொண்ட சின்னப் பற்றரி அப்படியே நின்றால் பத்து நாளில் வெறுமை. 5 ஆம்பியர் மணிப் பற்றரிக்கு மூன்று கிழமை. ஆனால் செல்ஃப் ஸ்டார்ட் அதற்கு வெகு முன்னமே கைவிடும். பழைய பற்றரியும் வன்னி வெயிலும் சேர்ந்தால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும். நாள்தோறும் ஓடும் வண்டிக்குப் பயமில்லை. கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பல நாள் போய் வருபவர் அலாரத்தை இணைத்தபடியே விட்டுப் போகக் கூடாது.

இருக்கைக்கு அடியில்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மோட்டார் சைக்கிள் வயரிங் பார்க்கும் கராச் ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றால், கத்தலைவிடப் பெரிய பிரச்சினை கண்ணில் படும். பக்க மூடியைக் கழற்றியதும் முதலில் வெளியே வருவது எறும்பு. அதற்கு அடியில் கறுப்பு ரேப் சுற்றிய ஒரு கட்டு. வெயிலில் அந்த ரேப்பின் பசை உருகி விரலில் ஒட்டும். பிரித்தால், தொழிற்சாலையில் இருந்து முழுசாக வந்த வயரின் தோலை நடுவழியில் உரித்து, அலாரத்தின் வயரை அதில் முறுக்கி விட்டிருப்பார்கள். ஈயம் ஒட்டவில்லை, சொக்கட் போடவில்லை. செம்புக் கம்பி களிம்பேறிப் பச்சையாகி, தொட்டதும் பொடிகிறது. இண்டிகேட்டர் எரியவில்லை என்று கொண்டுவந்த வண்டி அது.

மாரி மழையில் இந்த முறுக்குகளுக்குள் தண்ணீர் இறங்கும். 2018 டிசெம்பரில் இரணைமடு நிறைந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியபோது நனைந்த வண்டிகளில், எஞ்சினைத் துடைத்து ஓயில் மாற்றி ஓட்டிவிட முடிந்தது. வயரிங்கில் ஒளிந்த ஈரம் மாதக்கணக்கில் பழிவாங்கியது.

எஞ்சினை வெட்டும் ரிலே பழுதானால் விடயம் உயிர்ப் பிரச்சினையாகும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று அணையும். கள்ளனை நிறுத்த வைத்த கருவி உரியவரையே நடுக்காட்டில் நிறுத்திவிடும். மாங்குளம் முல்லைத்தீவு வீதியிலோ வவுனியா வடக்கின் உள்வீதிகளிலோ மாலை ஆறரைக்குப் பின் வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்று அந்த வழியால் போய் வரும் அரச உத்தியோகத்தர்களைக் கேட்டால் தெரியும். தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது, யானை எந்த வளைவில் நிற்குமோ தெரியாது.

இதற்கு அலாரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பூட்டிய கைதான் காரணம். ஆனால் பூட்டும் வேலைக்கு எந்த அளவுகோலும் இல்லை. அலாரம் விற்ற கடை வாசலிலேயே, வாடிக்கையாளர் தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்துக்குள் பூட்டிக் கொடுக்கிறார்கள். அந்த அவசரத்துக்கு விலை கொடுப்பது பின்னால்தான்.

கத்தினால் வருவது யார்?

அலாரம் தானாகக் கள்ளனைப் பிடிக்காது. யாரோ கேட்டு, எழும்பி, வெளியே வரவேண்டும். சைரனுக்கு உள்ள வேலை அந்த ஒன்றுதான். வன்னியில் அது எப்படி நடக்கிறது?

நகரத்தில் பார்ப்போம். வவுனியா மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலோ கிளிநொச்சிச் சந்தைக்கு முன்னாலோ ஒரு பைக் கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், வண்டியடியில் நிற்பவர் உரிமையாளர் என்றே நினைத்துக்கொள்ளுவார்கள். ஹெல்மெட் போட்ட ஒருவர் கத்தும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், ரிமோட் பழுதாம் பாவம் என்று வழிவிட்டு ஒதுங்குவார்கள். ஆயிரம் தரம் பொய்க்குக் கத்தியதன் பலன் இது. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டைத் தடைசெய்யப் பொலிஸார் 2015-ல் முயன்றதும், அது நீதிமன்றம்வரை போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தலையைக் காக்கும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்ல முடியாது. ஆனால் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முகத்தை யாரும் அடையாளம் சொல்லவும் முடியாது.

ஊர்ப்பக்கம் வேறு விதம். அங்கே அக்கம்பக்கத்தார் வருவார்கள், கேட்டால். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவுகள். நடுவில் ஆளில்லாத காணிகள். வெளிநாட்டில் இருப்பவருக்குச் சொந்தமான, பற்றை மண்டிய துண்டுகள்.

பெட்டிச் செய்தி: சத்தம் எவ்வளவு தூரம் போகும்?

தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபெல் குறையும் என்பது திறந்த வெளிக்கான விதி. ஒரு மீற்றரில் 110 டெசிபெல் எழுப்பும் சைரன் 100 மீற்றரில் 70 ஆகும். 200 மீற்றரில் 64. இடையில் மாமரங்கள், கல்வீடு, சாத்திய யன்னல், ஓடும் மின்விசிறி. படுத்திருப்பவரின் காதை எட்டும்போது அது தூரத்து வீட்டுத் தொலைக்காட்சி அளவுக்கு இறங்கிவிடலாம். காற்று எதிர்ப்பக்கம் வீசினால் அதுவுமில்லை.

சத்தத்துக்கு வன்னியில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. போர்க்காலத்தில் கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் இன்று இருபது முப்பது வயது இளைஞர்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார் ஐம்பதைத் தாண்டுகிறார்கள். நடு இரவில் திடீரென்று எழும் சைரனுக்கு அவர்களின் உடம்பு முதலில் எழும்பிவிடும். அது பைக்தான் என்று மனம் தெளிவதற்குள் நெஞ்சு படபடத்து, கை பக்கத்தில் கிடக்கும் பிள்ளையைத் தேடும். பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. வெளியூரில் இருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் தங்கள் வண்டியின் அலாரத்தை உச்சத்தில் வைத்துவிட்டு வாடகை அறையில் தூங்கும்போது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். இதைக் குற்றச்சாட்டாக அல்ல, வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

களவு போன காலை

எரிச்சலை இவ்வளவு பேசினோம். ஆனாலும் ஏன் சனம் விடாமல் அலாரம் பூட்டுகிறது என்பதற்குப் பதில், வண்டி களவு போன ஒரு வீட்டின் காலையில் இருக்கிறது.

முதல் வேலை பொலிஸ் முறைப்பாடு. எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம் கேட்பார்கள். அவை வண்டிப் புத்தகத்தில் இருக்கும். லீசிங் வண்டி என்றால் மூலப் புத்தகம் நிறுவனத்திடம். பிரதி எடுத்து வைத்திருந்தால் தப்பினீர்கள். வரி அனுமதிப்பத்திரமும் காப்புறுதி அட்டையும் பெரும்பாலும் வண்டியோடேயே, இருக்கைக்கு அடியில் பொலித்தீன் பையில் சுற்றிக் கிடந்திருக்கும். வண்டியைக் கொண்டுபோனவன் அதன் அத்தாட்சியையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டான்.

அடுத்தது காப்புறுதி. தவணை ஓடும்வரை லீசிங் நிறுவனம் முழுக் காப்புறுதி கேட்கும். தவணை முடிந்ததும் செலவைக் குறைக்க மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு இறங்குவதே இங்கே வழக்கம். மூன்றாம் தரப்பு என்பது நாம் மற்றவருக்கு விளைவிக்கும் சேதத்துக்கானது. நம் வண்டி களவு போனால் அதில் ஒரு சதமும் வராது. வண்டி முழுசாக நமதாகிவிட்டது என்று நிம்மதியடையும் அந்த மாதத்திலிருந்துதான் அதற்குப் பாதுகாப்பே இல்லாமல் போகிறது. பலருக்கு இது களவுக்குப் பிறகுதான் தெரிய வருகிறது.

தவணை முடியாத வண்டியின் கதை வேறு. நிதிக் குத்தகைச் சட்டப்படி தவணை தீரும்வரை வண்டியின் முழு உரிமையாளர் நிறுவனம்தான். வண்டி இல்லை என்பதற்காகத் தவணை நிற்காது. முழுக் காப்புறுதி இருந்தால் அந்தப் பணம் முதலில் நிறுவனத்தின் நிலுவைக்குப் போகும், மிஞ்சினால்தான் நமக்கு. காப்புறுதி புதுப்பிக்காமல் விட்டிருந்தால், இல்லாத வண்டிக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தவணைக்காக இன்னொரு கடன், அதற்கு வட்டி. கடன் சுமை முற்றியபோது, 2018-ல், வடக்கு உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர வேண்டியிருந்தது. அந்தக் கடன்களுக்கு ஆளான வீடுகளில்தான் இந்த வண்டிகளும் நிற்கின்றன.

மூன்றாவது சிக்கல் அதிகம் பேசப்படாதது. நம்மிடம் பாதி வண்டிகள் ஓப்பன் பேப்பரில் ஓடுவது போலிருக்கிறது. விற்றவர் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டுவார். அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து வேறொருவர். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் மட்டும் முதல் ஆளின் பெயர் அசையாமல் இருக்கும். இப்படிப்பட்ட வண்டி களவு போனால், முறைப்பாடு கொடுக்கப் போனவர் முதலில் அது தன் வண்டி என்று நிறுவ வேண்டும். களவெடுத்தவன் அந்த வண்டியில் போய்ச் சங்கிலி அறுத்தால், இலக்கத்தகட்டைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் தேடி வருவது பல வருடத்துக்கு முன் விற்றவரின் வீட்டுக்கு.

இவற்றுக்கெல்லாம் பிறகு அன்றாடப் பாடு. மீன் வியாபாரிக்கு வண்டி இல்லாத நாள் வருமானம் இல்லாத நாள். முப்பது கிலோமீற்றர் போய்ப் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியைக்கு லீவு எடுத்தால் வேலையே போகலாம். உயர்தரம் படிக்கும் மகளை மாலை வகுப்பிலிருந்து கூட்டிவர ஆளில்லை என்றால், முதலில் நிற்பது அவளுடைய வகுப்பு.

அலாரம் கைகொடுக்கும் இடம்

வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கடல் போல வண்டிகள். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி. விடியப்புறம் கால் வலிக்க வந்து தன் வண்டியைத் தேடும் ஒருவருக்கு, ரிமோட்டை அமத்தியதும் எங்கோ ஒரு மூலையில் மஞ்சள் விளக்கு இரண்டு தரம் மின்னிக் கீச்சிடுவது பெரிய உபகாரம். புதூர் நாகதம்பிரான் பொங்கலிலும் மடுப் பெருநாளிலும் இதே கதைதான். சனம் விழித்திருக்கும் அந்த இரவுகளில், கத்தும் வண்டிப் பக்கம் தொண்டர்கள் வந்து பார்க்கவும் செய்வார்கள். கள்ளனுக்கு அது பிடிக்காது.

வீட்டோடு ஒட்டி நிற்கும் வண்டிக்கும் அலாரம் நல்ல காவல். பெற்றோல் இழுக்க வருபவன், பற்றரியைக் கழற்ற வருபவன், ஹெல்மெட்டைத் தூக்க வருபவன் முதல் கீச்சிலேயே ஓடிவிடுவான். அவன் தேடி வந்தது சுகமான வேலை.

ஆண்துணை இல்லாத வீடுகள் போருக்குப் பின் வன்னியில் ஏராளம். அங்கே தலையணைக்கடியில் கிடக்கும் ரிமோட்டுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். வேலிப்பக்கம் ஆள் அசுமாத்தம் தெரிந்தால், கதவைத் திறக்காமலே விறாந்தையில் நிற்கும் வண்டியைக் கத்த வைக்கலாம். சும்மா நாட்களில் அது கத்தாமல் இருந்தால்தான் அந்த நேரத்தில் அயல் எழும்பி வரும்.

ஆனால் திட்டமிட்டு இருவர் மூவராக வந்து, வண்டியைத் தூக்கிப் பட்டாவில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்குச் சைரன் ஒரு தடையே அல்ல. கொண்டுபோன இடத்தில் வயரை அறுத்தால் முடிந்தது. பாகம் பாகமாகக் கழற்றி விற்பவனுக்கு எஞ்சின் ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

பெட்டிச் செய்தி: மற்ற நாடுகள் கண்டது

சத்தம் போடும் கார் அலாரங்களால் களவு நட்டம் மொத்தத்தில் குறையவில்லை என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலை நட்டத் தரவு நிறுவனம் 1990களிலேயே காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்து சொன்னது. சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசரை 1998-லிருந்து புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் அதனால் கார்க் களவு சராசரியாக 40 சதவீதம் குறைந்ததாக அங்குள்ள பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மேற்கு ஜெர்மனியில் நடந்தது இன்னும் விசித்திரம். 1980-ல் ஹெல்மெட் அணியாத மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். களவைப் பற்றி யாரும் நினைக்கவேயில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் களவு பாதிக்குக் கீழே இறங்கியது. கண்ட இடத்தில் வண்டியைத் தூக்க நினைத்தவன் கையில் ஹெல்மெட் இல்லாததால் பொலிஸ் கண்ணில் பட்டான்.

முதல் காசு எதற்கு?

இந்தக் கேள்விக்கு என் பதில் நேரானது. முதல் காசு பூட்டுக்கு. நல்ல தடித்த சங்கிலியோ சில்லுப் பூட்டோ வாங்கி, வண்டியை விறாந்தைத் தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். தூக்கிக்கொண்டு போக வருபவனை நிறுத்துவது அதுதான். பழைய வண்டியின் ஹாண்டில் பூட்டு தேய்ந்து எந்தத் திறப்புக்கும் திறக்கும் நிலைக்கு வந்துவிட்டால், அதை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது காசு எஞ்சினை வெட்டும் மறைவான சுவிட்சுக்கு. சத்தமில்லை, ரிமோட் இல்லை, பற்றரி குடிக்காது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது வீட்டாருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அதைப் பூட்டுபவர் ஈயம் ஒட்டி, சுருங்கும் உறை போட்டு முடிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

அலாரம் அதற்குப் பிறகு. பூட்டிய அன்றே உணர்திறனைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு கையால் வண்டியை ஆட்டினால் கத்தாமலும், ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தினால் கத்துமளவும் இருக்கட்டும். சொக்கட் வைத்து இணைக்கச் சொல்லுங்கள், பழுதானால் வயரை அறுக்காமல் கழற்றலாம். எஞ்சின் வெட்டும் ரிலே உள்ள வகையென்றால், காட்டுவழி போகிறவர்கள் அந்த இணைப்பைத் தவிர்ப்பதே நல்லது. ஜிபிஎஸ் கருவி பூட்ட நினைப்பவர்கள், தங்கள் ஊரில் தொலைபேசி அலைவரிசை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தபின் காசைக் கொடுக்கட்டும். அதுவும் பற்றரியில்தான் உயிர்வாழ்கிறது.

புத்தகத்தையும் காப்புறுதி அட்டையையும் எஞ்சின், சேசிஸ் இலக்கங்களையும் இன்றைக்கே தொலைபேசியில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஓப்பன் பேப்பர் வண்டி வைத்திருப்பவர்கள் விற்றவரைத் தேடிப் பிடித்துப் பெயரை மாற்றுங்கள். தவணை முடிந்ததும் முழுக் காப்புறுதியை விடுவதற்கு முன், வண்டியின் இன்றைய விலையை ஒருமுறை விசாரியுங்கள்.

தனி ஆளின் கையில் இல்லாத வேலைகளும் இருக்கின்றன. மாவட்ட வைத்தியசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும், ஒரு ஆள் நின்று துண்டு கொடுத்து வாங்கும் வண்டித் தரிப்பிடம் இருந்தால், அந்த வளவுக்குள் அலாரமே தேவைப்படாது. பொங்கல் காலத்தில் பிரதேச சபைகள் இதைச் செய்கின்றன. வருடம் முழுக்கச் செய்ய முடியாதா? பரீட்சை நிலையங்களில் அலாரத்தை நிறுத்திவிட்டு வண்டி விடச் சொல்லி ஒரு பலகை வைக்க அதிபர் ஒருவரின் உத்தரவு போதும்.

2025 பெப்ரவரிக்குப் பிறகு புதுவண்டிகள் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. காட்சியறைகளில் முற்பணத்தோடு நிற்கும் குடும்பங்கள் நிறம் கேட்கின்றன, கிலோமீற்றர் கேட்கின்றன. தொழிற்சாலையிலேயே இம்மொபிலைசர் வைத்த திறப்பு இந்த மாடலுக்கு உண்டா, இல்லையென்றால் வயரை வெட்டாமல் பூட்டித் தர முடியுமா, அப்படிப் பூட்டினால் உத்தரவாதம் போகுமா என்றும் கேட்க வேண்டும். லீசிங் நிறுவனத்துக்கும் அந்த வண்டி களவு போகக் கூடாது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், நல்ல பூட்டு ஒன்றை வண்டியோடு சேர்த்துத் தரும்படி அவர்களிடமும் கேளுங்கள்.